நீலம் விடாத குழல்

துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு துண்டுத் துணியை விட்டு எடுத்தால், அது வரும் நிறத்தை வைத்து உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கறுப்பாக வந்தால் கரி, அதாவது வெடிமருந்து எரிந்த புகை. நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ வந்தால் செம்பு. பெரிய ரைஃபிளில் போடும் குண்டுக்கு மேலே செம்பு உறை இருக்கும். குழலுக்குள் உரசிக்கொண்டு ஓடும்போது அது தன்னில் கொஞ்சத்தை அங்கேயே பூசிவிட்டுப் போகும். துணி வெள்ளையாக வந்தால் வேலை முடிந்தது. எண்ணெய் போட்டு வைத்துவிடலாம்.

தாம்பரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் எனக்கு இதுதான் வேலை. கேட்பவர்கள் நம்புவதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே வேலை என்று கேட்டால், "கிளப்பில்" என்று மட்டும் சொல்வேன். அவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

பத்தாவது முடித்ததும் ஏற்றுமதித் தையல் கம்பெனி ஒன்றில் காலர் தைக்கப் போனேன். பல வருடம் தைத்தேன். அந்தக் கம்பெனி ஊரை விட்டுப் போனபிறகு, பெருக்கித் துடைக்கும் ஆளாக இந்தக் கிளப்பில் சேர்ந்தேன். குழல் துடைக்கும் துணியை அப்போது உறுப்பினர்களே பழைய வேட்டியிலிருந்து கிழித்துக்கொள்வார்கள். கோணலும் மாணலுமாக இருக்கும். துணி பெரிதாக இருந்தால் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், சிறிதாக இருந்தால் எதையும் தொடாமல் போய் வரும். நான் ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் ஒரு வேட்டி முழுவதையும் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி டப்பாவில் போட்டு வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, சுடப் பயிற்சி தரும் கோச் என்னைத் துப்பாக்கி அறைக்கு மாற்றினார். எனக்கும் அது பிடித்துப்போனது. யார் முகத்தையும் பார்க்காமல், குனிந்துகொண்டே செய்யக்கூடிய வேலை.

கோச் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கரியையும் செம்பையும் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். "ரெண்டும் தனித்தனியா படியாதும்மா. புரோட்டா மாதிரி அடுக்கடுக்கா படியும்" என்பார். முதலில் கொஞ்சம் செம்பு, அதன்மேல் புகை, அதன்மேல் மறுபடி செம்பு. மேல் அடுக்கை எடுக்காமல் கீழ் அடுக்கைத் தொட முடியாது. கரிக்கு ஒரு மருந்து, செம்புக்கு ஒரு மருந்து. செம்பு மருந்தில் அம்மோனியா இருக்கும், மூடியைத் திறந்தாலே கண் எரியும். மருந்தில் நனைத்த துணியைக் கம்பியின் நுனியில் குத்தி, பின்பக்கத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும். ஊற விட்டு, உலர்ந்த துணியை அனுப்ப வேண்டும். நிறம் பார்க்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து.

ஒரேயடியாகத் துடைத்துவிடவும் கூடாது. "புதுசா தேச்ச தோசைக்கல்லுல மொத தோசை வருமா? அதே கதைதான். கொஞ்சம் அழுக்கு ஏறினாத்தான் பேரல் சொன்ன பேச்சு கேக்கும்" என்பார் கோச்.

எங்கள் கிளப்பில் பெரும்பாலானவர்கள் சின்ன ரைஃபிள்தான் சுடுவார்கள். அதன் குண்டு ஈயம், செம்பு உறை கிடையாது. அதனால் செம்பு மருந்துக்கு வேலையே இல்லை. பெரிய ரைஃபிள் ஒருவரிடம்தான் இருந்தது. அவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பைப், குழாய், தாழ்ப்பாள், ஆணி எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். அறுபதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்துவிட்டால் கிளப்புக்கே சத்தம் வந்துவிடும்.

"இன்னா தங்கச்சி, என் பொண்டாட்டிய எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். அவர் பொண்டாட்டி என்று சொல்வது ரைஃபிளைத்தான். நான் தலையாட்டுவேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது என்று அவருக்குத் தெரியும். பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். "குளிப்பாட்டிட்டேன் பாய், பவுடர்தான் போடலங்கறே. சரி சரி."

அந்த ரைஃபிளுக்கு லைசென்ஸ் வாங்க அவர் அலைந்த கதை கிளப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். ஸ்டேஷன், கமிஷனர் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், மறுபடி ஸ்டேஷன். இளமையில் தொடங்கி, தாடி நரைத்த பிறகுதான் கையில் கிடைத்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அதுவரை கிளப்பின் சின்ன ரைஃபிளில்தான் சுட்டாராம். மாநிலப் போட்டியில் பெரிய ரைஃபிள் பிரிவில் கிளப் சார்பில் வருடா வருடம் போகிறவர் அவர் ஒருவர்தான். பரிசு வாங்கினாரா என்றால், ஒருமுறை மூன்றாவதாக வந்தார். அந்தப் படம் அவர் கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

போன வருட மழை முடிந்த சமயத்தில் பாயின் குண்டுகள் சிதற ஆரம்பித்தன. இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் நெருக்கமாக விழுந்துகொண்டிருந்தவை, சட்டியில் கடுகு வெடித்த மாதிரி அட்டை முழுக்கத் தெறித்தன. முதல் வாரம் அவரே கிண்டல் செய்துகொண்டார். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் மேஜைமேல் வைத்தார்.

"சார், இன்னா சார் ஆச்சு எனக்கு?" என்று கோச்சைக் கேட்டார்.

கோச் அட்டையைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல பாய். பேரல்ல காப்பர் ஏறியிருக்கு. நல்லா கிளீன் பண்ணா சரியாயிடும்."

பாயின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அதான பார்த்தேன்! காப்பரு! கேட்டியா தங்கச்சி? இனிமே உன் கைலதான் என் மானம்."

அன்று முதல் அந்தக் குழலைத் துடைப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் கம்பி நுனியில் துணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் முனை உடைந்துபோனது. ஜாக் என்று சொல்வார்கள் அதை. பாய் விடுவாரா? சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிற தன் வாடிக்கையாளரிடம் சொல்லி, கெட்டியான பித்தளையில் கடைந்து வாங்கி வந்தார். கிளப்புக்கு அன்பளிப்பு. அதில் வரிவரியாக வெட்டு, தங்கம் மாதிரி பாலீஷ். "பிளாஸ்டிக்காம் பிளாஸ்டிக்! இது உன் பேரன் காலத்துக்கும் நிக்கும் பாரு" என்று என் மேஜையில் வைத்தார்.

துடைத்தேன். முதலில் கரி வந்தது. கறுப்பு குறைந்து, சாம்பல் ஆகி, நின்றது. பிறகு செம்பு மருந்து. துணி நீலமாக வந்தது. மறுபடி ஊறவிட்டுத் துடைத்தேன், நீலம். அடுத்த நாளும் நீலம். அடுத்த வாரமும் நீலம். பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு வாரநாட்களில்கூட வரத் தொடங்கினார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"பாரு, பாரு, எவ்ளோ நீலம்! இவ்ளோ செம்ப உள்ள வெச்சிகினு பாவம் அது எப்படி நேரா சுடும்?"

நீலத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் லேசாவது எனக்குத் தெரிந்தது. நீலம் வரும்வரை குற்றம் குழலுடையது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுட்டால் அதே சிதறல். அவர் கவலை வேறு பக்கம் திரும்பியது. இத்தனை நாள் துடைத்தும் செம்பு விடவில்லை என்றால், குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் தேய்ந்து, குழலே செத்துவிட்டது என்று முடிவு செய்தார். டவுனில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் பேசினார். ரைஃபிளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸிலிருந்து அதை நீக்கி, புதிதாக ஒன்றுக்கு மனு போடுவது என்று ஏற்பாடு. வருகிற திங்கட்கிழமை எடுத்துப்போவதாகச் சொன்னார்.

இந்த வயதில் மறுபடி ஸ்டேஷன், கமிஷனர் ஆபீஸ் என்று முதலிலிருந்து அலைய வேண்டும். புதிது கிடைக்குமா என்பதே சந்தேகம். கிளப்பில் மற்றவர்களும் இதையேதான் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை நேரம். செம்பு மருந்தில் நனைத்த புதுத் துணியைப் பித்தளை முனையில் குத்தி, குழலுக்குள் விடப்போனேன். வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. எங்கள் பக்கம் லாரிக்காரரைக் காக்க வைத்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கம்பியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். கேட்டைத் திறந்து, குழாயை மாட்டி, தொட்டி நிரம்பும்வரை நின்று, அவர் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போனபிறகு திரும்பி வந்தேன்.

தட்டில் இருந்த துணி நீலமாக இருந்தது.

அது குழலுக்குள் போகவே இல்லை. துப்பாக்கி அந்தப் பக்கம் தாங்கியில் கிடந்தது, துணி இந்தப் பக்கம் தட்டில். பித்தளை முனையைச் சுற்றி மட்டும் வளையமாக நீலம். நான் துணியை உருவிவிட்டு இன்னொன்றைக் குத்தி, மருந்து விட்டு, கைகட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நீலம்.

பித்தளைக்குள் செம்பு இருக்கிறது. மருந்து குழலைவிட்டு முனையைத் தின்றுகொண்டிருக்கிறது. இத்தனை நாளாக நாங்கள் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தது, பாய் கொண்டுவந்து கொடுத்த அந்த அன்பளிப்பின் நிறம்.

மத்தியானம் கோச் வந்ததும் தட்டை அவர்முன் வைத்தேன். வாயால் சொல்ல நேரமானது, ஆனால் சொல்லிவிட்டேன். அவர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ பேரல் எப்பவோ கிளீன்."

"ஆமா சார்."

"காப்பரே இல்ல."

"இருந்திருக்கும் சார், ஆரம்பத்துல கொஞ்சம். இப்ப இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஆரம்பத்துலயும் அது காரணம் இல்லம்மா. அவர் கை ஆடுது. நீ பார்த்ததில்லையா? டீ குடுத்தா அரை டம்ளர் போதும்பாரு. ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவாரு. ஸ்கோப்புல பார்க்கறப்ப ரைஃபிள் மூக்கு வட்டம் போடுது. வயசானா சிலருக்கு வர்றதுதான்."

நான் பார்த்திருந்தேன். அரை டம்ளர் டீயை நிறையப் பேர் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் சார் காப்பர்னு சொன்னீங்க?" இந்தக் கேள்வியை நானா கேட்டேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

"அத்தனை பேர் நடுவுல வெச்சுக் கேட்டாரே! எனக்கு என்ன ஆச்சுன்னு. மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டு கேட்டா என்னம்மா சொல்றது? வாய்ல காப்பர் வந்துச்சு, சொல்லிட்டேன். ஒரு வாரம் சந்தோஷமா இருக்கட்டும், தனியா கூப்ட்டு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீலம் நீலமா வந்துருச்சு. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான் சொன்ன பொய் நெஜமா இருக்குமோன்னு."

"திங்கக்கிழமை துப்பாக்கி போயிடும் சார்."

"தெரியும்."

"போனா திரும்பி வராது."

"தெரியும்மா." கோச் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பேரல் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடலாமா? மீதிய அவரே..."

அவர் முடிக்கவில்லை. குழல் நல்லது என்று சொன்ன அடுத்த நொடியே மீதி தானாக வந்துவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னால் அவருக்குக் கை போகும். சொல்லாவிட்டால் ரைஃபிள் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தபோது வழக்கமான சத்தம் இல்லை. ரைஃபிளை எடுத்துத் தாங்கியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். "இன்னிக்கு கடைசி தங்கச்சி. நாளைக்கு மாமியார் வூட்டுக்கு அனுப்பறேன்" என்றார். சொல்லிவிட்டு, அவரே சிரிக்கவில்லை.

பேசுவதற்கு எனக்கு வராது என்பதால் நான் வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். கோச் தன் சொந்தப் பெட்டியில் இருந்த பழைய பிளாஸ்டிக் முனையைக் கொடுத்திருந்தார். ஒரு எவர்சில்வர் தட்டில் பித்தளை முனையையும் பிளாஸ்டிக் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் புதுத் துணி குத்தி, இரண்டிலும் அதே மருந்தைச் சொட்டினேன். தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கொஞ்ச நேரம் பாருங்க பாய்."

"இன்னா இது, மேஜிக்கா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மோனியா வாசனையில் எங்கள் இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. மலைக்கு மேலே ஒரு பயிற்சி விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அது இரண்டு மூன்று சுற்று போவதற்குள், பித்தளைப் பக்கத்துத் துணியில் நீலம் தெரிந்தது. பிளாஸ்டிக் பக்கத்துத் துணி வெள்ளையாகவே இருந்தது.

ஹார்டுவேர்க்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தொடையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! பித்தள! அது உப்புத்தண்ணி பட்டாலே பச்ச புடிக்கும், அம்மோனியா ஊத்துனா வுடுமா? குழாய வாங்கறவன் கிட்டல்லாம் 'ஆசிட் போட்டுக் கழுவாதபா, பித்தள போயிடும்'னு கத்தறவன் நானு. நானே லேத்துல குடுத்து, நானே பாலீஷ் போட்டு..." அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு, நானே மாட்டிகினேன் பாரு!"

அவர் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிளாஸ்டிக் முனையில் துணி குத்தி, அவர் கண்முன்னால் குழலுக்குள் விட்டேன். ஊறவிட்டு எடுத்தேன். வெள்ளை. மறுபடி விட்டேன். வெள்ளை.

"அப்போ பேரலு நல்லா கீது!"

"நல்லா இருக்கு பாய்."

"சாவல!"

"இல்ல பாய்."

"அல்லா காப்பாத்தினான். நாளைக்கு அனுப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தார். அது அவர் விரல்களுக்கு நடுவில் ஆடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு, கையை மடியில் இறக்கிக்கொண்டார்.

நான் தட்டைக் கழுவப் போவது மாதிரி எழுந்துகொண்டேன். ஆனால் போகவில்லை. தனியாக விட்டுவிட்டுப் போகத் தோன்றவில்லை.

"சாரைக் கூப்புடு தங்கச்சி" என்றார்.

கோச் வந்தார்.

"சார், பேரலு சுத்தமா கீதாம். தங்கச்சி காட்டிடுச்சு. நீங்க ஒரு தபா சுட்டுப் பாருங்க. உங்க கையால."

"எதுக்கு பாய்? எனக்கு இந்த ரைஃபிள் பழக்கமில்ல..."

"சார். எல்லா துப்பாக்கியும் பழக்கந்தான் உங்களுக்கு. சுடுங்க."

மற்ற உறுப்பினர்கள் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. கோச் விரிப்பில் படுத்தார். படுப்பதற்கு முன் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது, அப்போது எனக்குப் புரியவில்லை. பாய், குண்டு விழுந்த இடத்தைப் பார்க்கும் தொலைநோக்கிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை வைத்தார்.

முதல் குண்டு. இடது பக்கம் மேலே, கறுப்பு வட்டத்துக்கு வெளியே.

"ம்" என்றார் பாய்.

இரண்டாவது. வலது பக்கம் மேலே, ஓரத்தில்.

மூன்றாவது. வலது பக்கம் கீழே.

எனக்குச் சந்தேகம் வந்தது. குழல் உண்மையிலேயே செத்துவிட்டதா? நான் காட்டியது தப்பா? நான்காவது குண்டு இடது பக்கம் கீழே விழுந்தது. கோச் தலையைத் தூக்காமல் படுத்திருந்தார்.

பாய் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். எழுந்து போய்க் கோச்சின் தலைமாட்டில் நின்றார்.

"சார்."

"ம்."

"இது டார்கெட்டா, கேரம் போர்டா?"

கோச் காலித் தோட்டாவை வெளியே தள்ளினார்.

"நாலு மூலைக்கும் ஒவ்வொரு காய் போட்டு வெச்சிருக்கீங்க. ரெட்டுதான் பாக்கி. செத்த பேரலு இவ்ளோ ஒழுங்கா தப்பு பண்ணாது சார். எனக்கு நாப்பது வருசமா தப்பா சுட்டு அனுபவம் கீது."

யாரோ ஒருவர் பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார். அடுத்து எல்லோரும் சிரித்தார்கள். கோச் நெற்றியை ரைஃபிளின் கட்டைமேல் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் வேண்டுமென்றே தப்பாகச் சுட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதையும் அவரால் அலங்கோலமாகச் செய்ய முடியவில்லை.

"இப்ப நல்லா சுடுங்க" என்றார் பாய்.

"பாய்..."

"சுடுங்க சார். நான் பார்த்துக்கறேன்."

கோச் மூச்சை இழுத்து விட்டார். சுட்டார். இடைவெளி விட்டுச் சுட்டார். அந்தக் குண்டுகள் எல்லாம் நடுவில் விழுந்தன. ஒரு டீ டம்ளரைக் கவிழ்த்தால் அத்தனையும் அதன் வாய்க்குள் அடங்கிவிடும். பாய் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் பார்ப்பது அட்டையை அல்ல என்று எனக்குப் பட்டது. முகத்தை மறைத்துக்கொள்ள அங்கே வேறு இடம் இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். துப்பாக்கிக் கடைக்காரருக்குப் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் பேசுவதுதான் அவர் வழக்கம். போனை மேஜையில் வைத்தார்.

"சலாம் பாய்! நாளைக்கு எத்தினி மணிக்கு வர்றீங்க?" என்றது போன்.

"வரலபா."

"ஏன்? எல்லாம் எழுதி ரெடி பண்ணி வெச்சிருக்கேன்."

"கிழிச்சுப் போடு. துப்பாக்கி எங்கயும் வரல."

"இன்னா பாய், பேரலு போயிடுச்சுன்னீங்க?"

"பேரலு ராஜா மாதிரி கீது." நாங்கள் ஒவ்வொருவரும் எங்கோ பார்த்தோம், சிலர் மலையை, சிலர் தரையை. "கைதான். எனக்குக் கை ஆடுதுபா."

பாய் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கேக்குதா? கை. வலது கை. ரொம்ப நாளாவே ஆடிகினுதான் கீது. எங்க வூட்ல கூடச் சொல்லல. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா பாய்?" என்றது போன் மெதுவாக.

"காட்டணும். இன்னிக்கு உன்கிட்ட காட்டியாச்சு, நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டறேன். வெச்சுடறேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னா எல்லாரும் மௌத்து வூட்ல துக்கம் கேக்க வந்த மாதிரி நிக்கறீங்க? டீ சொல்லுங்கபா" என்றார்.

அந்த வருடம் மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து பெரிய ரைஃபிள் பிரிவுக்கு யாரும் போகவில்லை. பாய் டாக்டரைப் பார்த்தார். மாத்திரை கொடுத்தார்களாம். கொஞ்சம் குறையும், அடியோடு நிற்காது என்று சொன்னார்களாம். வீட்டில் மனைவியிடம் சொன்னதைப் பற்றி அவரே வந்து சொன்னார்.

"மொதல்ல அழுதுச்சு. அப்புறம் ஏன் மறைச்சேன்னு திட்டுச்சு. அப்புறம் என் பழைய ஜீன்ஸ் பேன்ட்ட எடுத்து வெட்டிச்சு."

"எதுக்கு பாய்?" என்றேன்.

"மூட்டை தைக்க. கைல வெச்சாத்தான ஆடுது? துப்பாக்கிய மூட்டை மேல வெச்சா? இது எனக்குத் தோணல பாரு, அதுக்குத் தோணுது. ஒருநா கூட இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்ல."

மூட்டையைத் தூக்கிக் காட்டினார். ஜீன்ஸ் துணி, இரட்டைத் தையல். தையல்காரி என்ற முறையில் சொல்கிறேன், நல்ல தையல். குடும்பத்தோடு கோவளம் போனபோது அங்கேயே கடற்கரை மணலைப் போட்டு நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். நான் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

"இன்னா?"

"கடல் மணல் பாய். உப்பு. துப்பாக்கி துரு புடிச்சுடும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "ஹார்டுவேர் கடையாம்! போர்டு மாட்டியிருக்கேன்!" மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வேலி ஓரத்தில் கொட்டினார். அடுத்த வாரம் அவர் கடையில் விற்கும், கல் உடைத்துச் செய்த எம்-சாண்டைச் சலித்துப் போட்டு எடுத்து வந்தார்.

மூட்டைமேல் ரைஃபிளை வைத்து அவர் சுட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் நின்றேன். மூட்டை வைத்துச் சுடுவது போட்டியில் செல்லாது. அது அவருக்கும் தெரியும். "ஸ்கோர் எழுதாதீங்க சார், எனக்கு எதுவும் வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் இரண்டு குண்டு கொஞ்சம் அலைந்தது. நான் முந்தின வாரம் எண்ணெய் போட்டு வைத்திருந்த குழல், அது அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒழுங்குக்கு வந்தது. கோச் சுட்ட அளவுக்கு நெருக்கம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் கறுப்புக்குள் விழுந்தது.

கடைசித் தோட்டா தீர்ந்ததும் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. விரிப்பில் அப்படியே படுத்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் எழுந்திருக்க யாருடைய உதவியையும் கேட்டு நான் பார்த்ததில்லை. முழங்கையை ஊன்றி, முனகிக்கொண்டு, தானேதான் எழுந்திருப்பார். யாராவது குனிந்தால், "நான் என்ன கெழவனா?" என்று கத்துவார்.

அன்று படுத்தபடியே தலையைத் திருப்பினார்.

"சார், கை குடுங்க" என்றார்.

வலது கையை நீட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது. கோச் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பாய் எழுந்து நின்று, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வர்றேன் தங்கச்சி, மேஸ்திரிங்க வந்துகினு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.